கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் பிடித்தேன், பதினான்கு செல்லான் வந்தது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசிப் பழகிய எல்லைக்காரர்கள் நாங்கள். எனக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி உண்டு. இரவு பதினொன்றரை மணிக்குள் கோவையில் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு, வாளையாறு வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544-இல் சென்று, திருச்சூர் சக்தன் மார்க்கெட்டில் விடியும் முன் இறக்கிவிட்டு, வெற்றுப் பெட்டிகளைக் கோவையில் திருப்பிக் கொடுத்து வீடு சேர்வது என் அன்றாடப் பிழைப்பு. 2024 பிப்ரவரியில் என் வண்டி ஒன்பது நாட்கள் சாலையில் இறங்க முடியாமல் அப்படியே நின்றுபோனது. அபராதமும் வாடகை வண்டிச் செலவுமாக 35,700 ரூபாய் கையை விட்டுப் போனது. யாராவது ஒருவர் முன்கூட்டியே பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் வண்டியின் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, பிப்ரவரியில் முடிவதாக இருந்தது. புதிய சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் செய்த முதல் தவறு, சான்று முடிவதற்கு முந்தைய நாள் வரை காத்திருந்து, அரசின் இணையச் சேவைகளைச் செய்து தரும் அக்ஷயா மையத்துக்குப் போனது. அங்கே கணினியில் இருந்த பெண் வண்டி எண்ணைத் தட்டிவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "அண்ணா, பதினாலு செல்லான் நிலுவையில இருக்குதுங்க. இதை முடிக்காம எஃப்.சி.க்கு விண்ணப்பம் போகாது" என்றார். வேறு யாருடைய வண்டி எண்ணையோ போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பதினான்கும் என் வண்டி எண், பதினான்கும் அதிவேகம், ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபாய். மொத்தம் 21,000 ரூபாய். அக்டோபர் மாதத்தில் தொடங்கி ஜனவரி கடைசி வரை தேதிகள் வரிசையாக நின்றன. என்னைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட என் வண்டியை மடக்கி வேகத்துக்காக யாரும் எழுதியது கிடையாது.

எனக்குப் புரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. வாளையாற்றுக்கும் வடக்கஞ்சேரிக்கும் இடைப்பட்ட சுமார் 54 கிலோமீட்டர் நான்கு வழிச் சாலையில் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் முந்நூறு மீட்டர் தூரத்தில் பிரேக் பிடித்து அறுபதுக்கு இறக்கிவிடுவேன். தூண் பின்னால் போனதும் மறுபடி மிதிப்பேன். எனக்குத் தெரிந்த ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இரவு நேரத்தில் ஒருநாளும் பளிச்சென்று விளக்கு மின்னியதில்லை. மின்னாத கேமரா படம் எடுக்காது என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம். அறுபதில் கேமராவைத் தாண்டிய வண்டிக்கு அதிவேகம் என்று எப்படி எழுத முடியும் என்பதுதான் அன்று மையத்தில் நின்றபடி நான் கேட்ட கேள்வி.

விடை அந்தச் செல்லானுக்குள்ளேயே இருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது, ஒரு செல்லானில் ஒரு படம் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டிலும் என் வண்டியின் முன்புறம், இரண்டிலும் எண் பலகை தெளிவாகத் தெரிந்தது, ஆனால் இரண்டும் வெவ்வேறு இடம், வெவ்வேறு நேரம். ஒரு செல்லானை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேமராக்களுக்கும் நடுவில் இருந்த தூரம் 8 கிலோமீட்டர், அதைக் கடக்க என் வண்டி எடுத்துக்கொண்ட நேரம் 5 நிமிடம் 10 விநாடி. தூரத்தை நேரத்தால் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 93 கிலோமீட்டர் வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ போட்ட கணக்கு. அந்த இயந்திரம் தூணுக்கு அடியில் நான் எந்த வேகத்தில் போனேன் என்று பார்க்கவே இல்லை. முதல் தூணிலிருந்து இரண்டாம் தூணுக்கு எத்தனை மணித்துளியில் வந்தேன் என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறது.

இதற்குச் சராசரி வேகக் கேமரா என்று பெயர். இதன் உள்வேலையைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் மற்றவை புரியும். ஒவ்வொரு கேமராவும் தன்னைக் கடக்கும் எல்லா வண்டிகளின் எண் பலகையையும் படித்து எழுத்தாக மாற்றிவிடுகிறது. கூடவே அந்தக் கணத்தின் நேரத்தையும் விநாடி பிசகாமல் குறித்துக்கொள்கிறது. இரண்டு கேமராக்களின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதால் செயற்கைக்கோள் நேரத்தோடு அவற்றை இணைத்து வைக்கிறார்கள். வேகமாகப் போகிற வண்டியை மட்டும் தேடிப் பிடிக்கிற வேலை இதில் இல்லை. எல்லா வண்டியும் பதிவாகும். அடுத்த கேமராவில் அதே எண் வந்ததும் கணினி இரண்டையும் பொருத்தி, நடுவில் உள்ள தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுக்கிறது. அந்தத் தூரத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறார்கள். வண்டி போகக்கூடிய மிகக் குறுகிய வழியைத்தான் கணக்கில் எடுப்பது வழக்கம், எனவே தடம் மாறி மாறி ஓட்டியதால் தூரம் கூடிவிட்டது என்ற வாதத்துக்கு இடமில்லை, அந்தக் கூடுதல் தூரம் ஓட்டுநருக்குச் சாதகமாகவே விடப்படுகிறது. இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை எண் பலகையின் மேல் பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். நாங்கள் எதிர்பார்த்த மின்னல் வராததற்கு அதுதான் காரணம். ஒரே இடத்தில் நின்று ரேடார் அலையால் வேகத்தை அளக்கிற பழைய கேமராவிலிருந்து இது முற்றிலும் வேறான கருவி. இங்கிலாந்தில் 1999 முதலும், இத்தாலியின் விரைவுச் சாலைகளில் 2005 முதலும் இந்த முறை நடப்பில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஏ9 என்ற நெடுஞ்சாலையில் 2014-இல் வைத்தார்கள். பழைய முறைதான், எங்கள் சாலைக்கு வந்தபோது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பிரேக் பிடித்ததால் எனக்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முந்நூறு மீட்டரை 95 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் சுமார் 11 விநாடி ஆகும். அதையே அறுபதில் கடந்தால் 18 விநாடி ஆகும். ஆக, என்னுடைய பிரேக் அந்த எட்டு கிலோமீட்டரில் கூட்டிய நேரம் ஏழே விநாடி. சராசரி வேகம் 95-இலிருந்து 93-க்கு இறங்கியதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஏற்றிய லோடோடு, இருட்டில், பின்னால் லாரி வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் பிரேக்கை அழுத்தியதற்கு இவ்வளவுதான் பலன். பின்னால் வந்த யாராவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கணக்கைப் போட்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் இன்னொரு ஏமாற்றும் இடம் இருக்கிறது. பாதித் தூரம் நூறில் போனால் மீதிப் பாதியை அறுபதில் போய்ச் சரிக்கட்டலாம், சராசரி எண்பது வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து கிலோமீட்டரில் ஐந்தை நூறில் போனால் 3 நிமிடம், மீதி ஐந்தை அறுபதில் போனால் 5 நிமிடம், மொத்தம் 8 நிமிடம். சராசரி எண்பது வரவில்லை, 75 தான் வருகிறது. இது ஓட்டுநருக்குச் சாதகம்தானே என்று தோன்றும். ஆனால் நடைமுறையில் யாரும் பாதித் தூரத்தை அறுபதில் ஓட்டுவதில்லை, கடைசி ஒரு கிலோமீட்டரில் பயந்து குறைப்பார்கள். ஒன்பது கிலோமீட்டரை நூறில் ஓடிவிட்டுக் கடைசி ஒன்றை அறுபதில் ஓட்டினால் 6 நிமிடம் 24 விநாடியில் பத்து கிலோமீட்டர் முடிகிறது, சராசரி கிட்டத்தட்ட 94-இல் நிற்கிறது. கூட்டி இரண்டால் வகுக்கிற மனக்கணக்கு இங்கே உதவாது. எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தில் யோசித்தால் மட்டுமே சரியாக வரும். 80 என்பது வரம்பு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மார்க்கெட்டில் லோடு இறக்க வரும் ஓட்டுநர்களில் ஆந்திராவின் நகரிப் பக்கத்துத் தமிழர் ஒருவர் உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது, "இதுல என்னங்க புதுசு, மலைக்குப் போறப்ப சீட்டு வாங்கினதில்லையா?" என்றார். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. திருமலைக்குப் போகும் வண்டிகளுக்கு மலைப்பாதையின் தொடக்கத்தில் நேரம் குறித்து ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்னால் மறுமுனைக்கு வந்து நின்றால் வேகமாக ஓட்டியிருக்கிறார் என்று பொருள், அபராதம் உண்டு. நடுவில் யாரும் நின்று வேகத்தை அளக்க வேண்டிய தேவையே இல்லை. சராசரி வேகக் கேமரா செய்வதும் அதுவேதான், சீட்டுக்குப் பதிலாக எண் பலகை. குடும்பத்தோடு பலமுறை மலைக்குப் போய் அந்தச் சீட்டைக் கையில் வாங்கியவன் நான். வேகமாக வந்துவிட்டோமே என்று வழியில் ஓரம்கட்டி நின்று நேரத்தைக் கழித்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஓரம்கட்டிச் சராசரியைக் குறைக்கிற வழி நெடுஞ்சாலையிலும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். வேகமாக வந்து சேமித்த நேரத்தைச் சாலையோரத்தில் நின்று செலவழிப்பதால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற வண்டியால் வருகிற ஆபத்து அதிவேகத்தை விடக் குறைந்ததும் இல்லை.

அடுத்த அதிர்ச்சி வேக வரம்பு. அந்தச் சாலையில் நூறு வரை போகலாம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் வரம்புகள் மாற்றப்பட்டன என்பதும், நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் 100 என்று ஆனதும் எனக்குத் தெரியும், எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த நூறு கார்களுக்கு உரியது. சரக்கு வண்டிக்கு அதே சாலையில் 80 தான். பிக்கப் சிறிய வண்டிதானே, கார் ஓட்டுகிற உரிமத்தோடு ஓட்டுவதுதானே என்று நான் அதைக் காரோடு சேர்த்துவிட்டேன். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வண்டியின் வகை சரக்கு வாகனம் என்று எழுதியிருக்கிறது, கேமராவின் பின்னால் உள்ள கணினி அதைத்தான் பார்க்கும். 93-இல் போனபோது வரம்புக்குள் ஏழு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது என்ற நிம்மதியில் ஓட்டியிருக்கிறேன், உண்மையில் பதின்மூன்று கிலோமீட்டர் கூடுதலாக இருந்திருக்கிறது. சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது கவனியுங்கள். சாலையோரப் பலகையில் பெரிதாகத் தெரியும் எண் உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வழியிலிருந்து இரண்டு வழிச் சாலைக்கு இறங்கினால் வரம்பு இன்னும் குறைகிறது, ஊருக்குள் எல்லா வண்டிக்கும் 50.

அதே 2023-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி முதல் கேரளம் முழுவதும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கியிருந்தன. மார்க்கெட்டில் எந்நேரமும் அதே பேச்சு. மொத்தம் 726 கேமராக்கள் என்றார்கள், நானும் எல்லாவற்றுக்கும் பயந்து சீட் பெல்ட்டைக் கழற்றாமல் ஓட்டினேன். அவற்றில் 675 கேமராக்கள் பார்ப்பது தலைக்கவசம், சீட் பெல்ட், கைபேசிப் பேச்சு போன்றவற்றைத்தான். வேகத்துக்கென்று அந்தத் திட்டத்தில் இருந்தவை மிகச் சிலவே. இரண்டு வகையும் ஒன்றே என்று குழப்பிக்கொண்டதால், பெல்ட் போட்டவனுக்குக் கவலை இல்லை என்று இருந்துவிட்டேன்.

இனி, நான்கு மாதம் ஒரு செய்திகூட எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இழப்பு பெருகியதற்கு மூலகாரணம் அதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்த்த 167ஏ என்ற விதி, மின்னணுக் கருவியால் பிடிபட்ட குற்றத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று அப்போது சொன்னது. அறிவிப்புகள் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன, ஆனால் எனக்கு வரவில்லை. 2022-இல் இந்த வண்டியைப் பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கியபோது பெயர் மாற்ற வேலையை ஓர் ஏஜென்டிடம் கொடுத்திருந்தேன். கைபேசி எண் கேட்ட கட்டத்தில் அவர் தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டார். ஓ.டி.பி. வரும்போது ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டாம் என்ற வசதிக்காக அப்படிச் செய்வார்களாம். அவரைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருதுங்க. எந்த வண்டி யாரோடதுன்னு நான் எப்படிங்க பார்க்கிறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு அதில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான். முதல் செல்லான் அக்டோபரிலேயே என் கைக்கு வந்திருந்தால் இரண்டாவதோ மூன்றாவதோ விழுந்த பிறகு நிறுத்தியிருப்பேன். இந்தக் கேமராவில் உள்ள அபாயம் இதுதான். மனிதர் மடக்கிப் பிடித்தால் அன்றே தெரியும், மறுநாள் திருந்திவிடலாம். இதிலோ செய்தி கைக்கு வரும் வரை அதே தவற்றை அதே இடத்தில் அன்றாடம் செய்துகொண்டே இருப்போம், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் அனைவரும் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் வண்டிக்குப் பதிவான கைபேசி எண்ணை இன்றே பாருங்கள். வண்டி எண், சேஸிஸ் எண், என்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்து, ஆதாரோடு ஒப்பிட்டு எண்ணை மாற்றிக்கொள்ள அங்கேயே வழி இருக்கிறது. செல்லான் நிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வண்டி எண்ணும், சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும் போதும். செய்தி வரும் என்று காத்திருக்காமல் வாரத்துக்கு ஒருமுறை நாமே போய்ப் பார்ப்பதுதான் பாதுகாப்பு, நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிறேன். இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் வண்டிக்குச் செல்லான் விழுந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பி, அதை நிறுவியதும் வங்கிக் கணக்கைக் காலி செய்கிற மோசடி பரவலாக நடக்கிறது. உண்மையான செல்லானைப் பார்ப்பதற்கு எந்தச் செயலிக் கோப்பையும் இறக்க வேண்டியதில்லை. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாஹன் தளத்துக்கு நாமே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பதினான்கில் ஒன்பதை அன்று மாலையே இணையத்தில் கட்டிவிட்டேன். நான்கு செல்லான்கள் காலக்கெடு தாண்டியதால் இணையவழி நீதிமன்றத்துக்குப் போயிருந்தன, அவற்றை வேறு தளத்தில் தேடிக் கட்ட வேண்டியிருந்தது. கட்டிய பிறகும் வண்டியின் பதிவில் நிலுவை நீங்குவதற்கு ஆறு நாட்கள் ஆயின. இதற்கிடையே எஃப்.சி. முடிந்துவிட்டதால் வண்டியைச் சாலையில் எடுக்க முடியாது. சான்று இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக்காரர்கள் கையை விரிப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். வாடிக்கைக் கடைகளை விட்டுவிடக் கூடாது என்று வாடகை வண்டி பிடித்தேன். சொந்த வண்டியில் ஆகும் செலவுக்கு மேல் ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் கூடுதலாக ஆயிற்று. ஒன்பது நாளுக்கு 16,200 ரூபாய். என் வண்டி வாசலில் நிற்க, அடுத்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து போன அந்த இரவுகளில் அபராதத் தொகையை விட அந்த அவமானம்தான் அதிகமாக வலித்தது.

மீதி ஒரு செல்லான் என்னுடையது இல்லை. நவம்பரில் ஒரு நாள் என் வண்டி கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காகப் பட்டறையில் கிடந்தது, அந்தத் தேதியில் இரவு 2 மணிக்கு ஒரு பதிவு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வண்டி அதே நிறம், அதே வகைதான், ஆனால் எண் பலகையில் என் வண்டிக்கு 8 இருக்கும் இடத்தில் 3 இருந்தது. பலகையை இயந்திரம் படிப்பதால் 8-ஐயும் 3-ஐயும், 0-வையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றிப் படிக்கிற தவறு எப்போதாவது நேரும். எனவே கட்டுவதற்கு முன் ஒவ்வொரு செல்லானிலும் படத்தை அவசியம் பாருங்கள். 167ஏ விதிப்படி, எண் பலகை தெரியும் தெளிவான படமும், கருவி அளந்த அளவும், தேதி, நேரம், இடமும், மீறிய சட்டப் பிரிவும் செல்லானில் இருக்க வேண்டும். கண்காணிக்கப்படும் சாலையில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்த ஒப்புதல் சான்றும் இருக்க வேண்டும். நான் பட்டறை ரசீதையும், அந்த இரவு எந்தச் சுங்கச்சாவடியையும் என் வண்டி தாண்டவில்லை என்று காட்டும் ஃபாஸ்டேக் பட்டியலையும், என் எண் பலகையின் படத்தையும் சேர்த்துத் தளத்திலேயே புகார் பதிந்தேன். ஒன்பதாம் நாள் அந்தச் செல்லான் நீக்கப்பட்டது, பத்தாம் நாள் எஃப்.சி. காட்டினேன்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நீதிமன்றத்துக்குப் போன நான்கும் ஆறாம் நாளே தீர்ந்துவிட்டன. அந்த ஒரு தவறான செல்லானையும் கட்டியிருந்தால் 1,500 ரூபாயோடு போயிருக்கும். அதை எதிர்த்ததால் மேலும் மூன்று நாள் வாடகையாக 5,400 ரூபாய் போயிற்று. வீட்டில் இதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். செய்த பதின்மூன்று தவற்றுக்கும் ஒரு வார்த்தை பேசாமல் 19,500 ரூபாய் கட்டியவன், செய்யாத ஒன்றுக்குக் கட்டக் கூடாது என்று நின்றதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் எஃப்.சி. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியின் பதிவைப் பார்த்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே வந்திருக்காது. எஃப்.சி., பெயர் மாற்றம், பர்மிட் என்று எது வரப்போகிறதோ, அதற்கு ஒரு மாதம் முன்னால் செல்லான் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

மார்க்கெட்டில் என் கதை தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எண் பலகையில் சேற்றைப் பூசு என்றார் ஒருவர், ஓர் எழுத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டு என்றார் இன்னொருவர், ஓரத் தடத்தில் போனால் கேமரா பார்க்காது என்றார் மூன்றாமவர். எல்லாத் தடங்களையும் பார்க்கும்படியாகத்தான் கேமரா வைக்கிறார்கள். பலகையை மறைப்பதும் மாற்றுவதும் அதிவேகத்தை விடப் பெரிய வழக்கு, அதில் ஒருமுறை சிக்கினால் 1,500 ரூபாயோடு முடியாது. வரைபடச் செயலியில் கேமரா வருகிறது என்று எச்சரிக்கை வரும், அதை நம்பி ஓட்டினேன் என்றார் ஒரு தம்பி. நான் கேட்ட எச்சரிக்கையெல்லாம் தூண் இருக்கும் இடத்தைத்தான் சொன்னது, இரண்டு தூண்களுக்கு நடுவில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னதில்லை. என் அனுபவத்தில் வேலை செய்தது ஒன்றே ஒன்று. முள்ளை 75-இல் வைத்து அப்படியே ஓட்டுவது. பெரும்பாலான வண்டிகளில் வேகமானி உண்மை வேகத்தை விடச் சற்றுக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது, எனவே முள் 75-இல் இருந்தால் நாம் பத்திரமாக இருக்கிறோம். முதல் வாரம் கால் தானாகவே அழுத்தியது, பிறகு பழகிவிட்டது. பிரேக் பிடிக்கிற வேலை பாதியாகக் குறைந்தது, டீசலும் முன்பைவிடக் குறைவாகவே ஆகிறது.

54 கிலோமீட்டரை 93-இல் போனால் ஏறத்தாழ 35 நிமிடம், 80-இல் போனால் 40 நிமிடம் 30 விநாடி. ஆறு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. செல்லான் விழுந்த பதின்மூன்று பயணங்களையும் சேர்த்தால் நான் மிச்சப்படுத்தியது ஒன்றே கால் மணி நேரம். சில நாட்களில் என் அண்ணன் மகன் வண்டியை எடுத்துப் போகிறான், இருபத்து மூன்று வயது. அவனுக்காக ஒரு காகிதத்தில், வாளையாறு முதல் வடக்கஞ்சேரி வரை 41 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று எழுதி முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வாளையாற்றைத் தாண்டும்போது ஓரமாக நிறுத்தி மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும், இறங்கியதும் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. நேற்று விடியலில் கூப்பிட்டான். "சித்தப்பா, நாப்பத்திமூணு நிமிஷம். மார்க்கெட்ல நமக்கு முன்னாடி மூணு வண்டி நிக்குது, இன்னும் இறக்க ஆரம்பிக்கல" என்றான்.